தமிழ்நூலை மீட்க ஆங்கிலத்தில் அறிவிப்பா?

தமிழில் தொழில்நூல் இல்லை, அறிவியல்நூல் இல்லை, ஆகவே தமிழிற் கற்பித்தல் இயலாது! இவ்வாறு மூன்று தலைமுறையாக ஓதிவரும் கூட்டம் ஒன்று இந்நாட்டில் உண்டு. அக்கூட்டத்திற்கு மறுமொழியாகவே எழுதப்பெற்ற நூல்கள் நூற்றுக்கணக்கில் உண்டென்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லார். அந்நூல்கள் எழுதப்பெற்றன, அச்சேறின, கற்பாரைச் சேர்ந்தன, பின்னர்க் கண்காணாமற் போயின. இன்று அவற்றைத் தேடிச்செல்லும் இளைஞனுக்குக் கடைதோறும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: பதிப்பில் இல்லை. அப்படியாயின் மீண்டும் அச்சிடலாமே எனின், உரிமை யாரிடம் என்னும் வினா எழுந்து வாயிலை மறித்துக்கொள்கிறது. விடை சொல்வாரில்லை. நூலும் எழுவதில்லை.

இந்நிலையின் கொடுமையைக் காணத் தொலைவு போக வேண்டா. சென்னையின் தென்புறத்தைப் பார்த்தாற் போதும். கிண்டியிலே தொழிற்பேட்டை, அங்கேயே பொறியியல் பல்கலைக்கழகம். தரமணியிலே உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் உரோசா முத்தையா நூலகமும். பல்லாவரத்திலே மறைமலையடிகள் தாமே அச்சகம் வைத்துத் தம் நூல்களை அச்சிட்டு வெளியிட்ட மண். தாம்பரத்திலே 1937 முதல் கிறித்துவக் கல்லூரி. தாம்பரம் சானடோரியத்திலே 2005இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 1931 முதல் மின்தொடர்வண்டி ஓடும் அந்த ஒரே இருப்புப்பாதையின் அருகருகே தொழில் உண்டு, கல்வி உண்டு, நூலகம் உண்டு, படிக்கும் வேட்கையுடைய இளைஞர் உண்டு. இடையில் நிற்கவேண்டிய தமிழ்நூல் மட்டும் இல்லை.

தாம்பரத்தில் மின்னோடி பழுதுபார்க்கும் தொழிற்கூடம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள மூத்த தொழிலாளியின் பெட்டியில் அரை நூற்றாண்டுக்கு முன் அச்சான தமிழ்க் கைந்நூல் ஒன்று கிடக்கிறது. கம்பி சுற்றும் முறை, சுற்றுகளின் கணக்கு, வரைபடம் எல்லாம் அதில் உண்டு. புதிதாக வேலை பழக வந்த பத்து இளைஞருக்கும் அந்நூல் வேண்டும். ஒளிப்படிக்கு ஒளிப்படி எடுத்து வரைபடத்தின் கோடுகள் கரைந்துவிட்டன. அருகிலுள்ள அச்சகத்தார் ஐந்நூறு படி அடித்துத் தர அணியமாயிருக்கிறார். ஆனால் யாரிடம் இசைவு கேட்பது? பதிப்பகம் இருந்த இடத்தில் இன்று துணிக்கடை. ஆசிரியர் பெயருக்கு முன் ஈரெழுத்து உண்டு, ஊர் இல்லை. முதற்பக்கத்தில் 'உரிமை பதிவு' என்று இரு சொற்கள் உள. யாருடைய உரிமை, எங்குப் பதிவு என்பது இல்லை. இந்நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவே கட்டாயமன்று. எழுதிய நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆகவே பதிவேட்டைப் புரட்டியும் உரியவரைக் கண்டுவிட முடியாது.

கேளாமல் அச்சிட்டால் என்ன ஆகும்? சட்டத்தின் 63ஆம் பிரிவு ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 உருபா முதல் 2 இலக்கம் உருபா வரை தண்டமும் என்கிறது. ஊதியம் கருதாது செய்தவர்க்கு முறைமன்றம் குறைத்து விதிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் எந்த அச்சகத்தார் அந்த ஆறுதலை நம்பிப் பொறியை ஓட்டுவார்?

சட்டத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். இன்று நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பெற்று 1958 சனவரி 21 முதல் செயலுக்கு வந்தது. ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து ஐம்பது ஆண்டு உரிமை என்று அது முதலில் வைத்தது. வங்கப் பாவலர் தாகூர் மறைந்தது 1941. அவர் நூல்களின் உரிமை 1991 முடிவில் தீரவிருந்தது. அவ்வுரிமையைக் கையில் வைத்திருந்த விசுவபாரதி பதைத்தது; தில்லி விரைந்தது. ஐம்பது என்பது அறுபதாயிற்று. 1992இல் சட்டத்திருத்தமும் வந்தது. ஒரு வங்கப் பாவலரின் நூல்களுக்காக இந்நாட்டில் எழுதப்பெற்ற அத்தனை மொழி நூல்களின் மீதும் பத்தாண்டுப் பூட்டு மேலும் ஏறிற்று. தமிழ்த் தொழில்நூலாரைக் கேட்டார்களா? தமிழ்ப் பதிப்பாளரைக் கேட்டார்களா?

அந்தப் பூட்டு எங்கே விழுந்தது என்பதற்குச் சான்று ஒன்று. சென்னையிற் காவல்துறையிற் பணியாற்றிய டி. வி. சாம்பசிவம்பிள்ளை தம் வாழ்நாளையும் பொருளையும் ஈந்து தமிழ்-ஆங்கில மருத்துவ அகரமுதலி ஒன்று தொகுத்தார். மருத்துவம் மட்டுமன்று, வேதியியல், நிலைத்திணையியல் சொற்களும் அதிலடங்கும். 1930களில் முன்மடலங்கள் அச்சேறின. 1953இல் அவர் மறைந்தார். பின்மடலங்கள் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன; தமிழ்நாட்டரசின் இந்திய மருத்துவத்துறை அவற்றை அச்சிட்டது. இன்று தாம்பரத்தில் சித்தமருத்துவம் பயில்வார்க்கு இவ்வகரமுதலி கைவிளக்கு. பழைய கணக்குப்படி முன்மடலங்கள் 2003 முடிவில் யாவர்க்கும் பொதுவாகியிருக்க வேண்டும். தாகூருக்காகப் போட்ட பூட்டால் அது 2013 முடிவுவரை தள்ளிற்று. பின்மடலங்களுக்கோ கணக்கே வேறு. ஆசிரியர் மறைவுக்குப் பின் முதன்முறை வெளியான நூலுக்கு, வெளியான ஆண்டிலிருந்து அறுபதாண்டு என்பது சட்டம். ஆக, ஒரே மனிதர் எழுதிய ஒரே அகரமுதலியில் ஒரு மடலம் விடுதலை பெற்றது. மறு மடலம் கட்டுண்டு கிடக்கிறது! அகரமுதலியைப் பாதியில் நிறுத்தி அச்சிட்டால் யாருக்குப் பயன்? 'ப' வரை நோய் வரும், அதற்குமேல் வாராதென்று நோயாளிக்குச் சொல்வதா?

இனி, உரிமையாளரையே கண்டறிய முடியாத நூலுக்கு வருவோம். இதற்கு வழியே இல்லையென்று சொல்லிவிட முடியாது. சட்டத்தில் 31அ என்னும் பிரிவு ஒன்றுண்டு. ஆசிரியர் மறைந்துவிட்டார், அல்லது இன்னாரென்று தெரியவில்லை, அல்லது உரிமையாளரைக் கண்டுபிடிக்க இயலவில்லை எனில், வெளியிட விரும்புவோர் இசைவுரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆய்ந்து உரிமம் தருவர். உரியவர் பின்னர் வந்தால் பெற்றுக்கொள்ளும்படி அவருக்குரிய பங்குத்தொகையை அரசுக் கணக்கிற் கட்டிவைக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். 1983இல் இப்பிரிவு புகுத்தப்பட்டபோது அச்சேறாத நூல்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. அச்சேறி மறைந்த நூல்களையும் சேர்த்துக்கொள்ள 2012 வரை, இருபத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படியுங்கள். விண்ணப்பிக்குமுன் அவ்வெண்ணத்தை நாளிதழில் அறிவிக்க வேண்டுமாம். எந்த நாளிதழில்? நாட்டின் பெரும்பகுதியிற் செல்லும் ஆங்கில நாளிதழில்! மொழிபெயர்ப்புக்கு உரிமம் கேட்டால் மட்டும், அம்மொழி நாளிதழிலும் ஓர் அறிவிப்பு. தமிழ்நூலைத் தமிழிலேயே மறுபதிப்புச் செய்வதற்குத் தமிழ் நாளிதழில் அறிவிக்க வேண்டுமென்று ஓரெழுத்தும் இல்லை.

தமிழர்களே, இதன் பொருளை எண்ணிப்பாருங்கள். நூல் தமிழ்நூல். எழுதியவர் தமிழர். அவருடைய மக்கள் இருந்தால் இத்தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலோ, ஈழத்திலோ, மலையாவிலோ இருப்பர். அவர்கள் படிப்பது தமிழ் நாளிதழ். அச்சிட விரும்புபவர் தாம்பரத்துத் தமிழர். படிக்கப்போகிறவர்கள் தமிழ்த் தொழிலாளர். இத்தனை பேருக்கும் நடுவே நின்று அறிவிக்க வேண்டிய மொழி ஆங்கிலமாம்! உரியவரைத் தேடுவதற்காகச் செய்யும் அறிவிப்பை, உரியவர் கண்ணிற் படாத இடத்திற் செய் என்று சட்டமே ஆணையிடுகிறது. இது தேடலா, தேடுவதுபோன்ற நடிப்பா? ஐந்நூறு படி அச்சிடும் சிறிய அச்சகத்தார், நாடெங்கும் செல்லும் ஆங்கில நாளிதழின் விளம்பரக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுத் தாளுக்கும் மைக்கும் எங்கே போவார்? கைம்மைக்கும் ஏழைக்கும் போய்ச்சேர வேண்டிய பங்குத்தொகை முதலிலேயே ஆங்கில நாளிதழின் பணப்பெட்டிக்குப் போய்விடுகிறது.

விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்பதும் ஒரு கதை. முன்பு பதிப்புரிமை வாரியம் என்று ஒன்றிருந்தது. 2017இல் அதன் வேலையை அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் தலையில் ஏற்றினார்கள். 2021இல் அவ்வாரியத்தையே கலைத்து, வேலையை முறைமன்றங்களிடம் தள்ளினார்கள். பதிப்புரிமை அலுவலகம் நாடு முழுமைக்கும் ஒன்றே; அதுவும் தில்லியில். சட்டத்தைத் திருத்தத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு உரிமையுண்டா எனின், இல்லை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், நடுவணரசின் பட்டியலில், 49ஆம் வரியாகப் பதிப்புரிமை அடைபட்டுக் கிடக்கிறது. தமிழில் எழுதிய நூலைத் தமிழ்நாட்டில் அச்சிடுவது பற்றித் தமிழ்நாடு சட்டமியற்ற முடியாது! ஆசிரியர் மறைந்த நூல்களில் எது 'நாட்டு நலனுக்கு' உகந்தது, எதை வெளியிடுமாறு மரபுரிமையரைப் பணிக்கலாம் என்று முடிவுசெய்யும் உரிமையும் அதே 31அ பிரிவில் நடுவணரசுக்கே தரப்பட்டுள்ளது. கம்பி சுற்றும் கைந்நூல் நாட்டு நலனா என்று தில்லியிலுள்ள எந்த அலுவலர் தமிழில் படித்துப் பார்த்து முடிவுசெய்வார்?

கற்பித்தற் பயன்பாட்டுக்கென 32அ என்று இன்னொரு பிரிவும் உண்டு. இயற்கையறிவியல், கணக்கு, தொழில்நுட்ப நூல்கள் வெளியாகி மூன்றாண்டு கழிந்தும் விற்பனையிற் கிடைக்கவில்லையாயின், முறையான கல்விப்பணிக்காக அச்சிட உரிமம் கேட்கலாம். கதைக்கும் பாட்டுக்கும் ஏழாண்டு. தொழில்நூலுக்கு மூன்றே ஆண்டு. வளரும் நாடுகளில் மேலைநாட்டுப் பாடநூல் மலிவாகக் கிடைக்க வேண்டுமென்று 1971இல் பாரிசில் உலக நாடுகள் கூடிச்செய்த ஏற்பாட்டின் வழிவந்தது இது. ஆனால் இப்பிரிவின் சொற்களில் அயல்நூலுக்கு மட்டும் என்ற வரையறை இல்லை. தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சிக் கூடங்களும் கல்லூரிகளும் தமிழ்நூலுக்கு இக்கதவைத் தட்டிப் பார்க்கட்டுமே! தட்டவேண்டியவர்கள் ஆங்கிலநூல் வாங்கிக்கொடுப்பதில் முனைந்திருக்கிறார்கள்.

தில்லியை மட்டும் குறைசொல்லி நம்மவர் தப்பிவிட முடியாது. உரிமை தெளிவாக இருந்தால் நூல் பிழைக்கும் என்பதற்கும், தெளிவாக இருந்தும் நம்மவர் உறங்கினர் என்பதற்கும் ஒரே சான்று தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம். கல்லூரிக் கல்வி தமிழில் நடக்க வேண்டுமென்று 1960களில் தொடங்கிய முயற்சியில் இயற்பியல், வேதியியல், கணக்கு, நிலவியல், மருத்துவம், பொறியியல் என்று பல துறைகளில் நூற்றுக்கணக்கான நூல்கள் வந்தன. எழுதியோர் கல்லூரிப் பேராசிரியர்கள். ஒவ்வொரு நூலின் கடைசியிலும் கலைச்சொற் பட்டியல் இருந்தது. ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் உறங்காதவர்களின் உழைப்பு அது. தமிழ்வழிக் கல்வியை ஆட்சியாளர் கைவிட்ட நாளில் அந்நூல்களும் கிடங்கில் வீழ்ந்தன. உரிமை அரசின் கையில். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் பல பத்தாண்டுகள் மறுபதிப்பில்லை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் குடிமைப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கியபோது நூலில்லை என்ற பழைய பல்லவி மீண்டும் எழுந்ததே, அப்போது அக்கலைச்சொற்கள் எங்கே இருந்தன? பழைய நூலைப் பாராது புதியவர்கள் மீண்டும் முதலிலிருந்து சொல்லாக்கத் தொடங்கினார்கள். ஆக்கத் தெரியாதவர்கள் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவைத்தார்கள். நூல் மறைந்தால் மறைவது தாளன்று. சொல் மறைகிறது.

பின்னரே அரசு விழித்தது. 2017இல் தொடங்கப்பெற்ற தமிழிணைய மின்னூலகத்தில் அந்நூல்கள் மின்படியாக ஏறின. பாடநூல் கழகம் மறுபதிப்புகளும் கொணர்ந்தது. பாராட்டத்தக்கதே. உரிமை யாரிடமென்று தெரிந்திருந்ததால்தான் அது ஆயிற்று என்பதைக் குறித்துக்கொள்க. அரசின் நூலுக்கும் அரசின் ஆளுகைக்குட்பட்ட நிறுவனத்தின் நூலுக்கும் முதலில் வெளியான ஆண்டின் முடிவிலிருந்து அறுபதாண்டே உரிமை. 1964 வரை வந்தவை 2025 பிறந்தபோதே பொதுவாகிவிட்டன, யாரும் அச்சிடலாம். 1970இல் வந்தவற்றுக்கு 2030 முடிவுவரை பொறுக்க வேண்டும். ஏன் பொறுக்க வேண்டும்? உரிமையாளரான அரசு ஒரே ஓர் ஆணையால் இன்றே விட்டுவிடலாமே! மொழிபெயர்ப்பு நூல்களில் மட்டும் மூலநூலாரின் இசைவு எத்தனை படிக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று பழைய ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தக் கோப்புகளைக் கறையானுக்கு முன் அலுவலர் பார்த்தால் நன்று.

1949இல் பாரதியார் நூல்களை நாட்டுடைமையாக்கியது தொட்டுத் தமிழ்நாட்டரசு அந்நல்வழியைத் தொடர்ந்து வருகிறது. சட்டமியற்ற உரிமையில்லாத அரசு, பணங்கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவாக்கும் வழி அது. பாவாணர் நூல்களும் அவ்வாறு பொதுவாயின. ஆனால் அப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். பாவலர், புலவர், புதினம் எழுதியோர், அரசியல் தலைவர் நிரம்பியிருக்கின்றனர். தறிநூல் எழுதியவர், மின்நூல் எழுதியவர், உழவுக்கருவி நூல் எழுதியவர் எங்கே? பாட்டு மட்டுமே தமிழா? மரபுரிமையர் மனுக்கொடுத்தால் நாட்டுடைமை என்ற நடைமுறை, மரபுரிமையர் யாரென்றே தெரியாத தொழில்நூலாருக்கு எப்படிப் பயன்படும்?

நம் அன்பர் சிலர் வேறோர் உரை உரைக்கின்றனர். தமிழ் எல்லார்க்கும் பொது, தமிழ்நூலும் பொது, கேட்பானேன், அச்சிடுக என்பர். கேட்க இனிக்கும், செயலிற் கயமை. தமிழில் தொழில்நூல் எழுதியவர் எவரும் மாளிகை கட்டவில்லை. பாவாணரின் வறுமையை அறியாதார் இவ்வியக்கத்தில் உண்டா? உழைத்தவன் குடும்பத்துக்குச் சேரவேண்டிய நூறு உருபாவைத் தமிழின் பெயரால் பறிப்பவன் தமிழ்த்தொண்டனல்லன். அதனினும் கீழான செயலும் நடக்கிறது. பழைய நூலின் முன்னுரையைக் கிழித்து, ஆசிரியர் பெயரை நீக்கி, அட்டையிற் புதுப்பெயர் பொறித்து விற்கின்றனர். உரிமைக்காலம் முடிந்தாலும் எழுதியவன் பெயரை அழிக்க யாருக்கும் அறம் இடங்கொடாது. சட்டத்தின் 57ஆம் பிரிவும் ஆசிரியன் பெயரையும் நூலின் உருவையும் தனியே காக்கிறது.

மேலும், உரிமைக்கட்டே இல்லாத நூல்களையாவது நாம் அச்சிட்டோமா? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து நூல்கள் வெளியிட்டார். 1875இல் வந்த வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர். பெயர் நமக்கு உவப்பன்று, முயற்சி உவப்பு. அவர் மறைந்தது 1884. அந்நூல்களுக்கு யாரிடமும் இசைவு வேண்டா. எத்தனை தமிழ் மாணவர் கையில் அவை உள?

இசைவு கேட்டுச் செய்தல் இயலாததன்று என்பதை ஈழத்தார் காட்டியிருக்கின்றனர். 1981இல் யாழ் நூலகத்தில் 97,000 நூல்களைத் தீயிட்டுப் பொசுக்கினர் பகைவர். அவ்வெரிவின் நினைவோடு வாழும் மக்கள் 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகப் பணியைத் தொடங்கினர். எழுதியோரையும் உரியோரையும் தேடி, இசைவு பெற்று நூல்களை ஏற்றினர். போரும் புலப்பெயர்வும் சிதறடித்த மக்களே உரியோரைத் தேடிக் கண்டனர். ஒரே மாநிலத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு ஏன் இயலவில்லை? பிரெஞ்சு நாட்டில் 2012இல், பதிப்பில் இல்லாத இருபதாம் நூற்றாண்டு நூல்களையெல்லாம் மின்னூலாக்க ஒரு சட்டம் செய்தனர். ஆசிரியருக்குத் தனித்தனியே உரியவாறு தெரிவிக்காமற் செய்தது தவறென்று 2016இல் ஐரோப்பிய முறைமன்றம் அதைத் தடுத்தது. உரியவருக்கு உண்மையாகவே தெரியும்படி அறிவி என்பதே அத்தீர்ப்பின் சாரம். நம் 31அ பிரிவின் ஆங்கில அறிவிப்பு அம்முறைமன்றத்தின் முன் ஒரு நாழிகை நிற்குமா?

ஆகவே வேண்டுவன இவை. 31அ பிரிவில், எம்மொழி நூலோ அம்மொழி நாளிதழில் அறிவித்தாற் போதும் என்று திருத்துக என நாடாளுமன்றத்துத் தமிழ் உறுப்பினர் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். இத்தனை ஆண்டு அவர்களுள் யார் இப்பிரிவைப் படித்தார் என்றும் கேட்க வேண்டும். அறிவிப்புக் கட்டணத்தையும் பங்குத்தொகையையும் தொழில்நூல்களுக்குத் தமிழ்நாட்டரசே ஏற்று, அரசே விண்ணப்பிக்க வேண்டும். நூலகங்கள் தம் உரிமையையாவது பயன்படுத்த வேண்டும். விற்பனையில் இல்லாத நூலுக்குத் தம் பயன்பாட்டுக்காக மூன்று படி எடுத்துக்கொள்ளவும், தம்மிடமுள்ள நூலைப் பாதுகாக்க மின்படியாக்கவும் ஊதியநோக்கமற்ற பொதுநூலகத்துக்குச் சட்டமே இடந்தருகிறது. கோட்டப் பொதுநூலகங்களில் எத்தனை இதனை அறியும்?

இன்று தொழில்நூல் எழுதிக்கொண்டிருக்கும் தமிழர்க்கு ஒன்று. நூலின் முதற்பக்கத்தில் ஊரோடு பெயரையும், நூல் பதிப்பில் இல்லாமற்போய் இத்தனை ஆண்டு கழிந்தால் யாரும் அச்சிடலாம் என்ற வரியையும் எழுதிவையுங்கள். முற்றும் விட்டுவிட விரும்பினால் 21ஆம் பிரிவு உண்டு. பதிவாளருக்கு எழுதியோ, பொது அறிவிப்பாலோ ஆசிரியர் தம் உரிமையைத் துறக்கலாம். அவ்வறிவிப்பு ஆங்கில நாளிதழில்தான் வரவேண்டும் என்று அப்பிரிவில் இல்லை.